ஒரு நகரமே தோள் கொடுக்கும் திருப்பாடுகளின் பவனி: ஷ்கோஃப்யா லோகாவின் வாழும் மரபு



ஆண்டவரின் திருப்பாடுகளை நாடகமாகவும் பவனியாகவும் நடத்திக் காட்டும் வழக்கம் உலகின் பல நாடுகளில் உண்டு. ஜெர்மனியின் ஓபரம்மர்காவ் கிராமத்தில் 1634-ஆம் ஆண்டு தொடங்கிய நாடகத்தைப் பற்றி நம்மில் பலர் கேள்விப்பட்டிருப்போம். ஆனால் ஸ்லோவேனியா நாட்டின் ஷ்கோஃப்யா லோகா என்ற சிறிய நகரத்தில், பழைய கையெழுத்துப் பிரதி ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு, ஊர் மக்களே ஒன்றுகூடி நடத்தும் திருப்பாடுகளின் பவனியைப் பற்றி அறிந்தவர்கள் மிகச் சிலரே. இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாக ஏறக்குறைய அமைதியாகிக் கிடந்த ஒரு மரபு, எப்படி மீண்டும் வீதிக்கு வந்தது? ஒரு மரபை வாழவைப்பது எது? இக்கேள்விகளோடு அந்த நகரத்தின் வரலாற்றையும் வழக்கங்களையும் இச்சிந்தனையில் சற்று விரிவாகப் பார்ப்போம்.

ஆயரின் புல்வெளி

ஸ்லோவேனியா, இத்தாலிக்கும் ஆஸ்திரியாவுக்கும் அருகில், ஆல்ப்ஸ் மலைத்தொடரின் தென்கிழக்கு அடிவாரத்தில் அமைந்த நாடு. அதன் மக்கள் தொகை சுமார் 20 இலட்சம். தலைநகர் லியூப்லியானாவிலிருந்து வடமேற்கே ஏறக்குறைய 20 கிலோமீட்டர் சென்றால் ஷ்கோஃப்யா லோகா வந்துவிடும். செல்ஸ்கா சோரா, போல்யான்ஸ்கா சோரா என்ற இரண்டு மலை ஆறுகள் கூடும் இடத்தில், ஒரு கோட்டையின் காலடியில் அமைந்திருக்கிறது இந்நகரம்.

ஸ்லோவேனிய மொழியில் 'ஷ்கோஃப்' என்றால் ஆயர். 'லோகா' என்றால் ஆற்றங்கரையில் ஈரம் படிந்த புல்வெளி. ஆக, ஊரின் பெயரே 'ஆயரின் புல்வெளி' என்பதுதான். இப்பெயருக்குக் காரணம் உண்டு. 973-ஆம் ஆண்டு பேரரசர் இரண்டாம் ஓட்டோ, இப்பகுதியின் நிலங்களை பவேரியாவிலுள்ள ஃப்ரைசிங் மறைமாவட்டத்தின் ஆயர் ஆபிரகாமுக்கு வழங்கினார். அன்று தொடங்கி 1803-ஆம் ஆண்டு வரை, 830 ஆண்டுகள், ஃப்ரைசிங் ஆயர்களே இப்பகுதியின் நில உரிமையாளர்களாகவும் ஆட்சியாளர்களாகவும் இருந்தார்கள்.

1511-ஆம் ஆண்டு ஏற்பட்ட கடும் நிலநடுக்கத்தில் நகரமும் கோட்டையும் பெரும் சேதமடைந்தன. அதன்பின் மீண்டும் கட்டப்பட்ட வீடுகள்தாம் இன்று நகரின் பழைய சதுக்கத்தில் நிற்கும் வீடுகளில் பல. கோட்டையில் இப்போது லோகா அருங்காட்சியகம் இயங்கி வருகிறது. இந்த அருங்காட்சியகம் 1939-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது.

பாலமும் நகரச் சின்னமும்

நகரின் நுழைவாயிலில், செல்ஸ்கா சோரா ஆற்றின்மேல், ஒற்றை வளைவு கொண்ட ஒரு கல்பாலம் இருக்கிறது. அருகில் கப்புச்சின் துறவிகளின் மடம் இருப்பதால் அதை கப்புச்சின் பாலம் என்று மக்கள் அழைக்கிறார்கள். 14-ஆம் நூற்றாண்டில் ஆயர் லெயோபோல்டு இதைக் கட்டினார். அந்நாளில் பாலத்திற்குக் கைப்பிடிச் சுவர் இல்லை. 1381-ஆம் ஆண்டு அவர் குதிரையில் பாலத்தைக் கடந்தபோது, குதிரையோடு ஆற்றில் விழுந்து உயிரிழந்தார். தாம் கட்டிய பாலத்திலேயே தம் முடிவைச் சந்தித்த ஆயரைப் பற்றி ஊர் மக்கள் இன்றும் பேசுகிறார்கள். இப்போது பாலத்திற்குக் கைப்பிடி உண்டு. நடுவில் புனித நெப்போமுக் யோவானின் உருவமும் இருக்கிறது.

நகரச் சின்னத்தில் மணிமுடி சூடிய ஒரு கறுப்பின மனிதரின் தலை இருக்கிறது. இதற்கும் ஒரு கதை சொல்வார்கள். ஆயர் ஆபிரகாம் காட்டு வழியே பயணம் செய்தபோது கரடி ஒன்று அவரைத் தாக்க வந்ததாம். உடனிருந்த கறுப்பினப் பணியாளர் அம்பெய்து கரடியைக் கொன்று ஆயரைக் காப்பாற்றினாராம். 'உன்னை இவ்வூர் என்றும் மறக்காதபடி செய்வேன்' என்ற பொருளில் ஆயர் வாக்களித்து, அவர் முகத்தையே நகரின் சின்னமாக்கினாராம். இது வழிவழியாக வரும் கதைதான், வரலாற்று ஆவணம் அல்ல. எனினும், அரசருக்கும் ஆயருக்கும் உரிய இடத்தில் ஒரு பணியாளரின் முகத்தை வைத்து, அதற்கு மணிமுடியும் சூட்டிப் பார்க்க அந்த ஊர் மனம் விரும்பியிருக்கிறது என்பது சிந்திக்கத்தக்கது.

இதே உருவம் ஃப்ரைசிங் மறைமாவட்டத்தின் பழைய சின்னத்திலும் உண்டு. திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட், 1977 முதல் 1982 வரை மியூனிக் மற்றும் ஃப்ரைசிங் பேராயராகப் பணியாற்றியவர். ஆகவே, திருத்தந்தையானபோது அவர் ஏற்ற சின்னத்திலும் இந்த மணிமுடி சூடிய முகம் இடம்பெற்றது. அச்சின்னத்தை நாமும் பலமுறை பார்த்திருப்போம்.

மனவருத்தத்தில் பிறந்த எழுத்து

ஃப்ரைசிங் நகரோடு ஸ்லோவேனிய மக்களுக்கு இன்னொரு ஆழமான உறவும் உண்டு. ஸ்லோவேனிய மொழியில் எழுதப்பட்டு நம் காலம்வரை கிடைத்திருக்கும் மிகப் பழைய எழுத்துகள் 'ஃப்ரைசிங் ஏடுகள்' எனப்படுகின்றன. ஏறக்குறைய கி.பி. 1000-ஆம் ஆண்டைச் சேர்ந்த இந்த ஏடுகள், ஃப்ரைசிங் மறைமாவட்டத்தின் ஒரு இலத்தீன் நூலுக்குள் இருந்தன. இன்று மியூனிக்கிலுள்ள பவேரிய அரசு நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. ஆயர் ஆபிரகாமின் காலத்தோடும் பணியோடும் இவற்றை அறிஞர்கள் தொடர்புபடுத்துகிறார்கள்.

அந்த ஏடுகளில் இருப்பவை மூன்று சிறு பகுதிகள். இரண்டு, மக்கள் தம் பாவங்களை அறிக்கையிடச் சொல்லும் செபங்கள். ஒன்று, பாவத்தையும் மனமாற்றத்தையும் பற்றிய மறையுரை. திருவழிபாட்டு மொழியாக இலத்தீன் இருந்த காலத்தில், சாதாரண மக்கள் தம் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் நேரத்தில் மட்டுமாவது தம் தாய்மொழியில் பேசட்டும் என்று யாரோ ஒரு மேய்ப்பர் எண்ணியிருக்கிறார். ஒரு மக்களினத்தின் எழுத்து அரசாணையாகவோ போர்ப் பாடலாகவோ கிடைக்காமல், பாவ அறிக்கையாகக் கிடைத்திருப்பது எத்தனை அரிது!

ஏழு நூற்றாண்டுகள் கழித்து, அம்மொழியின் முதல் நாடகமும் இதே மனவருத்தத்தின் வழியில்தான் பிறந்தது. அதுவும் ஃப்ரைசிங் ஆயர்களுக்கு உரிய இந்நகரில்தான்.

கப்புச்சின் துறவியின் கையெழுத்து

18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கப்புச்சின் துறவிகள் ஷ்கோஃப்யா லோகாவில் மடம் அமைத்தார்கள். எளிமையாக வாழ்வதும், மக்களுக்குப் புரியும் மொழியில் மறையுரை ஆற்றுவதும் அத்துறவிகளின் தனிச் சிறப்பு. தலைநகர் லியூப்லியானாவில் 17-ஆம் நூற்றாண்டு முதலே அவர்கள் திருப்பாடுகளின் பவனியை நடத்தி வந்தார்கள்.

இச்சபையைச் சேர்ந்த அருட்தந்தை ரோமுவால்டு, இன்றைய ஸ்லோவேனிய-இத்தாலிய எல்லையிலுள்ள கொரீட்சியா நகருக்கு அருகே, ஷ்டாண்ட்ரெஷ் என்ற ஊரில் 1676-இல் பிறந்தவர். இயற்பெயர் லோவ்ரென்ஸ் மாருஷிச். ஏற்கெனவே இருந்த பவனி மரபை அடிப்படையாகக் கொண்டு, ஷ்கோஃப்யா லோகா மக்களுக்கென அவர் ஒரு திருப்பாடுகளின் நாடகத்தை எழுதினார். 1721-ஆம் ஆண்டு புனித வெள்ளியோடு இந்நாடகம் சேர்த்துச் சொல்லப்படுகிறது. 1748-இல் அவர் இறைவனடி சேர்ந்தார்.

இந்நூல் ஸ்லோவேனிய மொழியில் பாதுகாக்கப்பட்டுள்ள மிகப் பழைய முழு நாடகம். பாத்திரங்கள் பேசும் வசனங்கள் அன்றைய மக்களின் ஸ்லோவேனிய மொழியில், செய்யுள் வடிவில் அமைந்திருக்கின்றன. நடத்துவோருக்கான குறிப்புகள் இலத்தீனிலும் ஜெர்மனிலும் இருக்கின்றன. கற்றவர்களுக்குக் கற்றவர்களின் மொழி, வீதியில் நிற்கும் மக்களுக்கு மக்களின் மொழி என்று அருட்தந்தை தெளிவாகப் பிரித்திருக்கிறார்.

வசனங்களை எழுதியதோடு அவர் நின்றுவிடவில்லை. எந்தக் காட்சியை எந்த ஊரார், எந்தத் தொழில் சங்கத்தார் ஏற்று நடத்த வேண்டும், யார் யார் என்ன பொருளைக் கொண்டுவர வேண்டும், ஊர்வலம் எந்த வரிசையில் போக வேண்டும் என்பதையெல்லாம் எழுதி வைத்தார். ஆகவே இந்நூலைப் படிக்கும்போது ஒரு கவிஞரின் முகத்தைவிட, திருவிழா வேலைகளைப் பங்கு மக்களிடம் பகிர்ந்து கொடுத்துவிட்டு, எல்லாம் சரியாக நடக்க வேண்டுமே என்று கவலைப்படும் ஒரு பங்குத் தந்தையின் முகமே நமக்குத் தெரிகிறது.

பவனியில் வரும் காட்சிகள்

ஓபரம்மர்காவ் நாடகத்தில் மக்கள் அரங்கில் அமர்ந்து மேடையைப் பார்க்கிறார்கள். ஷ்கோஃப்யா லோகாவில் முறை வேறு. இங்கே காட்சிகள்தாம் மக்களைத் தேடி வீதி வழியாக வருகின்றன. நம் ஊர்ச் சப்பரங்களைப் போன்ற மேடைகளை ஆண்கள் தோளில் சுமந்து வருகிறார்கள். சில காட்சிகள் வண்டிகளிலும், சில குதிரைகளிலும், சில நடந்தும் வருகின்றன. ஒவ்வொரு காட்சியும் குறிப்பிட்ட இடத்தில் நின்று தன் பகுதியைச் சொல்லிவிட்டு அடுத்த இடத்திற்கு நகர்கிறது. பின்னால் அடுத்த காட்சி வந்து சேர்கிறது.

பவனி ஏதேன் தோட்டத்தில் தொடங்குகிறது. ஆதாமும் ஏவாளும் கட்டளையை மீறுகிறார்கள். அடுத்து மரணம் குதிரையேறி வருகிறது. உயர்ந்தவர், தாழ்ந்தவர், முதியவர், இளைஞர் என்று எவரையும் விட்டுவைக்கப் போவதில்லை என்று அது அறிவிக்கிறது. பாவத்தின் விளைவு மரணம் என்ற மறைக்கல்வியை இந்த இரண்டு காட்சிகளும் ஒரு வார்த்தை விளக்கமும் இன்றிக் கற்பித்துவிடுகின்றன.

அதன்பின் இறுதி இராவுணவு. தொடர்ந்து பழைய ஏற்பாட்டின் சிம்சோன் வருகிறார். தம் உயிரைக் கொடுத்துப் பகைவரை வென்ற அவரைக் கிறிஸ்துவின் முன்னடையாளமாகத் திருஅவையின் தந்தையர்கள் கண்டார்கள். பின்னர் கெத்சமனித் தோட்டத்தில் இரத்த வியர்வை, கற்றூணில் கட்டி அடிக்கப்படுதல், முள்முடி சூட்டப்படுதல், சிலுவையில் அறையப்பட்ட ஆண்டவர், வியாகுல அன்னை எனத் திருப்பாடுகள் நம் முன் விரிகின்றன. தவ வாழ்வின் எடுத்துக்காட்டாகப் புனித எரோணிமுசும், கடவுளின் உடனிருப்பின் அடையாளமாக உடன்படிக்கைப் பேழையும் பவனியில் இடம்பெறுகின்றன. இறுதியில் ஆண்டவரின் கல்லறை வருகிறது.

இந்தப் பவனி தொடக்கத்தில் ஒரு கலை நிகழ்ச்சியாக எண்ணப்படவில்லை. அது ஒரு தவமுயற்சி. சிலுவை சுமந்தவர்களும், மேடையைத் தூக்கியவர்களும், தம் பாவத்திற்குப் பரிகாரமாக அதைச் செய்தார்கள். நடந்தவரும் செபித்தார், வீதியோரம் நின்றவரும் செபித்தார். இதை மனதில் வைத்துக்கொண்டால்தான் பின்னால் நடந்தவை நமக்குப் புரியும்.

நின்றுபோன பவனி

1760-களின் இறுதிவரை இப்பவனி நடைபெற்று வந்தது. அதன்பின் நின்றுபோனது. அக்காலத்தில் ஆட்சியாளர்களிடையேயும், திருஅவைத் தலைவர்கள் சிலரிடையேயும் அறிவொளிச் சிந்தனைகள் பரவியிருந்தன. வீதி நாடகங்கள், தவப் பவனிகள் போன்றவை பாமரத்தனமானவை என்றும், ஒழுங்கைக் கெடுப்பவை என்றும் கருதப்பட்டு, ஆஸ்திரிய ஆட்சிக்குட்பட்ட பல இடங்களில் தடைசெய்யப்பட்டன. பேரரசர் இரண்டாம் யோசேப்பின் காலத்தில் துறவு மடங்கள் பலவும் மூடப்பட்டன. ஷ்கோஃப்யா லோகாவில் 14-ஆம் நூற்றாண்டு முதல் இருந்த கிளாரா சபைச் சகோதரிகளின் மடம் 1782-இல் மூடப்பட்டது.

கப்புச்சின் மடம் மட்டும் தப்பியது. பவனி நின்றபின்னும், அதன் கையெழுத்துப் பிரதி மடத்து நூலகத்தில் பத்திரமாக இருந்தது. தலைமுறைகள் மாறின, பேரரசுகள் சரிந்தன. அந்த ஏட்டைத் துறவிகள் தூக்கி எறியவில்லை. அவர்களுள் எத்தனை பேர் அதைத் திறந்து படித்திருப்பார்கள்? நமக்குத் தெரியாது. ஆனால் தனக்குப் பயன்படாததையும் அடுத்தவருக்காகக் காத்துவைப்பது ஒரு பெரிய உண்மைத்தன்மைதான்.

1936-ஆம் ஆண்டு, அவ்வூரைச் சேர்ந்த எழுத்தாளர் தீனே டெபெல்யாக்கின் முயற்சியால், நாடகத்தின் சில பகுதிகள் நகரில் மீண்டும் நடிக்கப்பட்டன. ஆனால் விரைவில் இரண்டாம் உலகப் போர் வந்தது. போருக்குப் பின் யுகோஸ்லாவியாவில் அமைந்த பொதுவுடைமை ஆட்சியில், சமயப் பவனிகள் வீதியில் செல்வது எளிதாக இருக்கவில்லை. 1950-களில் கிறிஸ்து பிறப்பு விழாகூட பொது விடுமுறைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டிருந்தது என்றால் சூழ்நிலையை நாம் ஊகித்துக்கொள்ளலாம். மக்கள் தம் நம்பிக்கையை வீட்டுக்குள்ளும் ஆலயத்துக்குள்ளும் காத்துக்கொண்டார்கள்.

வீட்டில் காத்துவைத்த மரபுகள்

பவனி இல்லாத நெடுங்காலத்திலும் இப்பகுதி மக்களின் புனித வாரம் வெறுமையாக இருந்துவிடவில்லை. பெரிய விழாக்கள் நின்றுபோனபோது, சின்னச் சின்ன வழக்கங்கள் நம்பிக்கையைத் தாங்கிப் பிடித்தன.

குருத்தோலை கிடைக்காத குளிர்நாடு அது. ஆகவே குருத்து ஞாயிறன்று வில்லோ, ஐவி, ஜூனிபர் போன்றவற்றின் தளிர்களைக் கட்டாகக் கட்டி ஆலயத்திற்குக் கொண்டுசென்று மந்திரிக்கிறார்கள். புனித சனியன்று அதிகாலையில் ஆலயத்தின் முன் நெருப்பு மந்திரிக்கப்படுகிறது. சிறுவர்கள் மரத்தில் வளரும் கெட்டியான காளானை அந்நெருப்பில் பற்றவைத்து, கனன்று புகையும் தணலை வீடு வீடாகக் கொண்டுசெல்கிறார்கள். அந்தத் தணலால் அடுப்பு மூட்டி உயிர்ப்பு விழாவுக்கான உணவைச் சமைப்பது பழைய வழக்கம்.

அதே நாளில் குடும்பங்கள் உணவுக் கூடையை மந்திரிக்கக் கொண்டுவருகின்றன. கூடையில் உள்ள ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள் உண்டு. பதப்படுத்திய பன்றி இறைச்சி கிறிஸ்துவின் உடலையும், சிவப்புச் சாயமிட்ட முட்டைகள் அவரது இரத்தத் துளிகளையும், காரமான குதிரைமுள்ளங்கிக் கிழங்கு ஆணிகளையும், நடுவில் துளையோடு வட்டமாகச் சுடப்படும் 'பொடீட்சா' என்ற ரொட்டி முள்முடியையும் குறிக்கின்றன. உயிர்ப்பு ஞாயிறன்று காலை குடும்பத்தினர் ஒன்றாக அமர்ந்து இவற்றை உண்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூட பேரப்பிள்ளைகளுக்குத் திருப்பாடுகளைக் கற்பிக்க இந்தக் கூடை ஒன்றே போதும் அல்லவா?

ஷ்கோஃப்யா லோகாவுக்கே உரிய இன்னொரு மரபு 'மாலி க்ருஹெக்', அதாவது சிற்றப்பம். தேன், மாவு, நறுமணப் பொருட்கள் சேர்த்துப் பிசைந்து, செதுக்கிய மர அச்சுகளில் அழுத்தி எடுத்துச் சுடுகிறார்கள். விழாக்களிலும் அன்புக்குரியவர்களுக்கும் பரிசாகக் கொடுப்பது வழக்கம். அருகிலுள்ள ட்ராஷ்கோஷே என்ற மலைக் கிராமத்துப் பெண்கள் அச்சு இல்லாமல், கையாலேயே இதய வடிவிலும் பிறை வடிவிலும் அப்பம் செய்து, மாவு இழைகளால் அலங்கரிக்கிறார்கள்.

ட்ராஷ்கோஷே என்ற பெயரை ஸ்லோவேனியர்கள் வேதனையோடு நினைவுகூர்வார்கள். 1942 ஜனவரியில் ஜெர்மானியப் படைக்கும் விடுதலைப் படையினருக்கும் அங்கே சண்டை நடந்தது. அதன்பின் ஜெர்மானியர்கள் கிராமத்தவர் பலரைக் கொன்று, ஊரையே அழித்தார்கள். அவ்வூர் ஆலயத்தின் பொன்முலாம் பூசிய பழைய பீடங்கள் பிழைத்தன. அவை இன்று ஷ்கோஃப்யா லோகா கோட்டையின் சிற்றாலயத்தில் இருக்கின்றன. பீடங்கள் அருங்காட்சியகத்திற்குப் போய்விட்டன. தேன் அப்பமோ மீண்டும் கட்டப்பட்ட ஊரில், பெண்களின் கைகளில் இன்றும் உயிரோடு இருக்கிறது.

செல்ஸ்கா சோரா ஆற்றின் மேல்பகுதியில், இரும்புத் தொழிலாளர் வாழ்ந்த ஜெலெஸ்னிக்கி ஊரில், மார்ச் 12-ஆம் நாள் புனித கிரகோரியார் திருநாளுக்கு முந்தின மாலையில், குழந்தைகள் அட்டையாலும் மரத்தாலும் சிறு வீடுகள் செய்து, உள்ளே விளக்கேற்றி நீரில் மிதக்கவிடுகிறார்கள். பழைய நாட்காட்டியில் வசந்தத்தின் தொடக்கமாக எண்ணப்பட்ட நாள் அது. பகல் நீண்டுவிட்டது, இனி விளக்கொளியில் உழைக்க வேண்டாம் என்ற தொழிலாளியின் நிம்மதியே இவ்வழக்கத்தின் பொருள். பட்டறைகள் மூடப்பட்டபின்னும் விளக்குகள் மிதந்துகொண்டுதான் இருக்கின்றன.

மீண்டும் வீதிக்கு வந்த பவனி

1991-ஆம் ஆண்டு ஸ்லோவேனியா விடுதலை பெற்றது. எட்டு ஆண்டுகள் கழித்து, 1999-ஆம் ஆண்டு, ஷ்கோஃப்யா லோகா மக்கள் அருட்தந்தை ரோமுவால்டின் பவனியைப் பெரிய அளவில் மீண்டும் நடத்தினார்கள். யூபிலி ஆண்டான 2000-த்திலும், பின்னர் 2009, 2015 ஆகிய ஆண்டுகளிலும் பவனி நடந்தது. ஆறு ஆண்டுகளுக்கு ஒருமுறை என்பது இப்போதைய முறை. எழுத்தாக்கத்தின் 300-ஆம் ஆண்டான 2021-இல் சிறப்பாக நடத்தத் திட்டமிட்டிருந்தார்கள். கொரோனா பெருந்தொற்றால் அவ்வாண்டு அது நடைபெறவில்லை.

இந்தப் பவனியில் 900-க்கும் மேற்பட்ட உள்ளூர்த் தன்னார்வலர்கள் பங்கேற்கிறார்கள். ஏறக்குறைய 12,000 பேர் வாழும் நகரத்திற்கு இது எவ்வளவு பெரிய எண்ணிக்கை என்று எண்ணிப் பாருங்கள். நடிப்பவர்கள் மட்டுமல்ல, உடை தைப்பவர், மேடை செய்யும் தச்சர், குதிரை வளர்ப்பவர், பாடகர், மேடையைத் தோளில் சுமப்பவர் என எல்லாரும் அவ்வூரையும் சுற்றுப்புறக் கிராமங்களையும் சேர்ந்தவர்கள். தந்தை ஏற்ற வேலையை மகனும், தாய் ஏற்ற வேலையை மகளும் ஏற்பது இப்போது மீண்டும் வழக்கமாகி வருகிறது. பவனி இல்லாத ஆண்டுகளிலும் தவக்காலத்தில் கண்காட்சி, இசை, உரை, பயிற்சி எனச் சிறப்பு நாட்கள் கொண்டாடப்படுகின்றன. இம்மரபைப் பற்றிய ஆய்வுகளும் நினைவுகளும் தாங்கிய தொகுப்பு ஒன்றும் வெளிவருகிறது.

ஸ்லோவேனிய அரசு வாழும் மரபுகளுக்கென ஒரு பதிவேட்டைத் தொடங்கியபோது, 2008-இல் அதில் முதலாவதாகப் பதியப்பட்டது இந்தப் பவனிதான். 2016-ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம், மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் இதைச் சேர்த்தது. அப்பட்டியலில் இடம்பெற்ற முதல் ஸ்லோவேனிய மரபும் இதுவே.

நாடகமா, செபமா?

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. நேர்மையோடு அதைச் சந்திக்க வேண்டும். உலகப் புகழ் வந்துவிட்டது. நுழைவுச்சீட்டும், விளக்குகளும், சுற்றுலாப் பயணிகளும் வந்துவிட்டார்கள். தவமுயற்சியாகத் தொடங்கிய ஒன்று பார்த்து இரசிக்கும் காட்சியாக மாறிவிடும் ஆபத்து இல்லையா? பங்கேற்கும் 900 பேரும் ஞாயிறு திருப்பலிக்குத் தவறாமல் வருபவர்கள் என்று நாம் சொல்லிவிட முடியாது. மற்ற ஐரோப்பிய நாடுகளைப் போலவே ஸ்லோவேனியாவிலும் ஆலயத்திற்கு வருவோர் குறைந்து வருகிறார்கள்.

ஆபத்து உண்டு என்பது உண்மை. 18-ஆம் நூற்றாண்டில் பவனியைத் தடைசெய்தவர்களும் ஏறக்குறைய இதே காரணத்தைத்தான் சொன்னார்கள். தூய்மையான நம்பிக்கைக்கு இத்தகைய வெளிவேடங்கள் தேவையில்லை என்றார்கள். ஆனால் பவனியை நிறுத்தியதால் மக்களின் நம்பிக்கை ஆழமாகிவிட்டதா? அப்படிச் சொல்ல முடியவில்லை. மக்களின் கைக்கும் காலுக்கும் தோளுக்கும் இருந்த ஒரு வேலை பறிபோனது, அவ்வளவுதான்.

சீமோனைச் சற்று நினைத்துப் பார்ப்போம். சிரேன் ஊரைச் சேர்ந்த அவர் வயலிலிருந்து வந்துகொண்டிருந்தவர். ஆண்டவரின் சிலுவையைச் சுமக்க வேண்டும் என்று எண்ணி வந்தவர் அல்லர். படைவீரர்கள் கட்டாயப்படுத்தியதால் தோள் கொடுத்தார். என்றாலும் நற்செய்தி அவர் பெயரையும், அவருடைய மக்கள் அலெக்சாண்டர், ரூபு ஆகியோரின் பெயர்களையும் நமக்குச் சொல்கிறது. அக்குடும்பம் தொடக்கத் திருஅவைக்கு அறிமுகமானது என்பதற்கு இதுவே அடையாளம். தோளில் பாரம் ஏறியபின்தான் உள்ளத்தில் நம்பிக்கை இறங்கியது போலும்.

ஷ்கோஃப்யா லோகாவின் வீதியில் மேடையைத் தூக்கிச் செல்லும் இளைஞன் எதற்காக வந்தான் என்று நமக்குத் தெரியாது. நண்பர்கள் அழைத்ததால் வந்திருக்கலாம். தாத்தா தூக்கினார் என்பதால் வந்திருக்கலாம். ஆனால் தலைக்குமேல் சிலுவையில் தொங்கும் ஆண்டவரின் பாரத்தைத் தோளில் தாங்கியபடி, கல் பாவிய குளிர்ந்த வீதியில் அவன் நடக்கும்போது, ஆண்டவர் அவனிடம் எதுவும் பேசமாட்டார் என்று யார் சொல்ல முடியும்?

நாம் எடுத்துச் செல்ல வேண்டியது

இந்நகரின் வரலாறு நமக்கு மூன்று உண்மைகளை நினைவூட்டுகிறது.

முதலாவது, மரபைக் காக்க ஏடு வேண்டும். கப்புச்சின் துறவிகள் அக்கையெழுத்தைக் காத்திராவிட்டால் 1999-இல் நடத்துவதற்கு எதுவும் இருந்திருக்காது. நம் பங்குகளில் பழைய திருப்பாடுகளின் நாடக ஏடுகளும், புலம்பல் பாடல்களும், உபதேசியார்கள் கையால் எழுதிய நோட்டுகளும் எங்கே இருக்கின்றன? அவற்றைத் தேடி எடுத்துப் பாதுகாப்பது நம் கடமை.

இரண்டாவது, ஏடு மட்டும் போதாது. நூலகத்திலிருந்த இருநூறு ஆண்டுகளும் அது நினைவுப்பொருளாகத்தான் இருந்தது. ஊர் மக்கள் தோள் கொடுத்த நாளில்தான் உயிர் பெற்றது.

மூன்றாவது, பெரிய விழா நின்றுபோனாலும் வீட்டில் தொடரும் சிறு வழக்கங்கள் நம்பிக்கையைக் காக்கும். ஒரு கூடை உணவு, ஒரு துண்டுத் தணல், கையால் பிசைந்த ஒரு அப்பம், இவை போதும் ஒரு தலைமுறை மற்றொரு தலைமுறைக்கு ஆண்டவரை அறிமுகப்படுத்த.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பாவ அறிக்கையில் தொடங்கிய ஒரு மொழி, முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஆண்டவரின் பாடுகளைத் தோளில் தூக்கி நடந்தது. அந்தப் பவனி இன்று நம் முன்னாலும் ஒரு கேள்வியை வைத்துவிட்டுப் போகிறது. வருகிற புனித வெள்ளியன்று நாம் வீதியோரம் நின்று பார்ப்பவர்களாக இருக்கப் போகிறோமா, அல்லது தோள் கொடுப்பவர்களாக இருக்கப் போகிறோமா?